நல்லா வந்திருக்கு, சார்

தில்லியில் இருக்கும் ஒரு தமிழரின் கதை சென்னைப் பத்திரிகை ஒன்றில் அச்சாகிவிட்டால், பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே செய்தி அவருடைய காலனிக்கு வந்து சேர்ந்துவிடும். தொண்ணூறுகளில் எனக்கு மொத்தம் ஐந்து கதைகள் வந்திருந்தன. அதில் ஒன்று பொங்கல் மலரில். ஜனக்புரியில் எங்கள் பிளாக்கைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நான் எழுத்தாளர் ஆகிவிட்டேன்.

எழுத்தாளருக்குக் காலனியில் ஒரு கடமை உண்டு. மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். கையில் ஊரிலிருந்து வந்த அப்பளமோ மாவடுவோ இருக்கும், அதன் அடியில் ஒரு நோட்டு இருக்கும். பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு எழுதிய கவிதை, பத்ரிநாத் யாத்திரைக் குறிப்பு, ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன்மீது ஓர் அந்தாதி என்று எல்லாம் வந்திருக்கின்றன. ஒருவர் தன் மேலதிகாரியைப் பற்றி நூறு வெண்பா எழுதியிருந்தார். தளை தட்டினாலும் கோபம் தட்டவில்லை.

ஆரம்பத்தில் நான் நேர்மையாக இருந்தேன். 1993ல் என் கணவருடைய நண்பரின் மனைவி தன் கவிதை நோட்டைக் கொடுத்தார். நான் சிவப்பு மையால் ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். நிலா பதினேழு இடங்களில் வருகிறது என்று எண்ணி, கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். அதை உதவி என்றே நம்பினேன். அவர் நன்றி சொல்லி வாங்கிப் போனார். அந்த வருடம் நவராத்திரிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, “இப்போ என்ன எழுதிட்டிருக்கீங்க?” என்று கேட்டேன். “நமக்கெதுக்குங்க அதெல்லாம்” என்று சொல்லிச் சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் அதன் பிறகு எழுதவில்லை என்று பின்னர் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் மறுபக்கம் சாய்ந்தேன். சில சொற்களைத் தயாராக வைத்துக்கொண்டேன். சரளமான நடை. மனதைத் தொட்டது. அனுபவம் பேசுகிறது. கொஞ்சம் செதுக்கினால் எங்கேயோ போய்விடும். இவற்றைச் சொல்வதற்கு எழுதியதைப் படித்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. முதல் நாற்பது பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் பார்த்தால் போதும்.

நம் மரபும் இந்த விஷயத்தில் பெரிய உதவி செய்யவில்லை. பிழையாகப் பாடியவனின் தலையில் பிள்ளைப்பாண்டியன் குட்டினான், வில்லிபுத்தூரார் காதை அறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டினார் என்று கதை சொல்லும் இனம் நாம். தங்கள் மனதில் பட்டதை யாருக்காகவும் குறைத்துச் சொல்லாத க.நா.சு.வும் வெங்கட் சாமிநாதனும் பல வருடங்கள் வாழ்ந்த ஊர் இந்தத் தில்லி. இன்னொரு பக்கம் சிறப்புப் பாயிரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற பெரிய புலவர்களே பலருடைய நூல்களுக்குப் பாராட்டுப் பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கத்தி, இல்லாவிட்டால் மாலை. சிறப்புப் பாயிரம் யார் சொல்லலாம் என்பதற்கு நன்னூலில் ஒரு பட்டியலே இருக்கிறது. ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரை எழுதியவர் என்று நான்கு பேர். பால் பூத்தில் பழக்கமானவர் அதில் இல்லை.

அவர் எனக்கு மதர் டெய்ரி பூத்தில்தான் பழக்கம். நட்பு என்று சொல்ல முடியாது. காலை ஆறு மணிக்குத் தூக்குப் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கும்போது நாலு வார்த்தை தமிழில் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1960ல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து, மத்திய அரசில் கீழ்நிலை கிளார்க்காகச் சேர்ந்து, 1996ல் செக்‌ஷன் ஆபீசராக 58 வயதில் ஓய்வு பெற்றவர். 1998ல் அரசு ஓய்வு பெறும் வயதை 60 ஆக உயர்த்தியபோது, “ரெண்டு வருஷம் முந்திப் பொறந்துட்டேம்மா” என்றார். அவர் என்னிடம் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான்.

அந்த வருட டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லிக் குளிர்காலத்தில் பகல் வெயில் அடித்தால் காலனி முழுவதும் மொட்டை மாடியில் இருக்கும். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் மப்ளர், ஸ்வெட்டர் சகிதம் படியேறி வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டை என் பக்கத்தில் வைத்தார். “சும்மா எழுதிப் பார்த்தேன். நேரம் கிடைச்சா பாருங்கம்மா. அவசரம் இல்லே.”

அவசரம் இல்லை என்றால், நான்காம் நாளிலிருந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அர்த்தம்.

பிரித்துப் பார்த்தேன். அலுவலகங்களில் இருக்குமே, கெட்டி அட்டை போட்ட நீளமான ரிஜிஸ்டர், அது. நீல மையில் 212 பக்கம். பக்க எண்கள் சிவப்பில். பத்திகளுக்கும் எண் இருந்தது, ஃபைலில் குறிப்பு எழுதுகிற மாதிரி. பத்தி 1ல் கொள்ளுத்தாத்தா. பத்தி 9ல் அவர் பிறக்கிறார். தான் பார்த்த காவிரியை அவர் எப்படி எழுதியிருந்தாரோ அதே சொற்களில் காவிரியைப் பற்றி நான் ஐம்பது பேரிடம் படித்திருந்தேன். பிறகு தில்லி. கரோல் பாகில் ஒரே அறையில் ஆறு பேர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பால் வாங்க எத்தனை மணிக்கு எழுந்தார், தில்லி பால் திட்டத்தின் கண்ணாடிப் பாட்டிலை எப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டும், பாட்டில் உடைந்தால் என்ன ஆகும் என்று மூன்று பக்கம். நாற்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனேன். மறுநாள் கடைசிப் பத்துப் பக்கங்களைப் பார்த்தேன். மகள் கல்யாணம், ஓய்வு, இறைவனுக்கு நன்றி. மூன்று வாரம் அந்த ரிஜிஸ்டர் எங்கள் வீட்டு டிவிக்கு மேல் இருந்தது.

1999 ஜனவரியில் அவரே வந்தார். டீ கொடுத்தேன். சரளமான நடை என்றேன். அந்தக் காலத்துத் தில்லி அப்படியே கண்முன் வருகிறது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கோப்பையைப் பார்த்தபடி, “எண்பத்துநாலு... படிச்சீங்களாம்மா?” என்றார்.

எண்பத்துநான்காம் பக்கத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். பக்கங்களுக்குத்தான் சிவப்பு மையில் எண் போட்டிருந்தாரே. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே, “படிச்சேனே. அதுவும் ரொம்ப நல்லா வந்திருக்கு, சார்” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். “அப்படியா” என்றார். ரிஜிஸ்டரைச் செய்தித்தாளில் மறுபடி சுற்றி நூலால் கட்டினார். டீ பாதி இருந்தது. “வரேம்மா” என்று எழுந்து போய்விட்டார்.

பிறகு பூத்தில் அவரைக் காணவில்லை. எப்போதாவது எதிரில் வந்தால் குளிரைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒரு வார்த்தை. எழுத்தைப் பற்றி அவர் என்னிடம் மறுபடி பேசவே இல்லை. “பாராட்டு போதலை போல இருக்கு” என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

2012ல் அவர் மனைவி போனார். 2017ல் அவரும் போனார். மறுவருடம் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். குர்காவில் வேலை, நாற்பத்தாறு வயது. கையில் அதே ரிஜிஸ்டர். “ஆன்ட்டி, எனக்குத் தமிழ் படிக்க வராது. அண்ணனுக்கும் வராது. அப்பா என்ன எழுதியிருக்கார்னு நீங்க படிச்சுச் சொல்ல முடியுமா?”

இது தில்லியில் புதிதல்ல. தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனாலும் மாற்றலுக்குப் பயந்து பிள்ளைகளைக் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்த அரசு ஊழியர்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ரஜினி படம் பார்ப்பார்கள், அ எழுதச் சொன்னால் யோசிப்பார்கள். அவர் 212 பக்கம் எழுதியது அவர் வீட்டில் மனைவியைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத மொழியில். 1998ல் அது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் ஐந்து கதைகள் என்று நினைத்திருந்தேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் படித்தோம். நான் படிக்க, மகள் தன் போனில் பதிவு செய்துகொண்டார். எனக்குத் தூக்கம் வரவழைத்த பால் பாட்டில் பக்கங்களில் அவர் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். அந்த பாட்டிலின் மூடித் தகட்டைச் சேர்த்து வைத்து விளையாடியது அவருக்கு நினைவு வந்துவிட்டது. சரோஜினி நகர் உள்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட 2016ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. நாங்கள் படித்துக்கொண்டிருந்த 2018 ஜூனில்தான் அங்கே மரங்களை வெட்டக்கூடாது என்று மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், உயர் நீதிமன்றமும் அப்போதைக்கு வெட்டுவதை நிறுத்திவைத்தது. அவர் தன் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த வேப்ப மரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். நடை சுமார்தான். ஆனால் அந்த வீட்டின் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மரம் எத்தனை அடி என்று அளந்து எழுதிவைத்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது ஞாயிறு, 131ம் பக்கம். அதன் தலைப்பு, எண்ணில் அல்ல, எழுத்தில்: எண்பத்துநாலு.

அந்தப் பகுதி ஒன்றரைப் பக்கம். நிலா, காவிரி எதுவும் அதில் இல்லை. தேதி, நேரம் போட்டு அலுவலகக் குறிப்பு மாதிரி எழுதியிருந்தார். 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். மறுநாள் சீக்கியர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தன. அப்போதும் அவர்கள் ஜனக்புரியில்தான், டி.டி.ஏ. ஃபிளாட்டின் முதல் மாடியில் இருந்தார்கள். எதிர் ஃபிளாட்டில் ஒரு சர்தார்ஜி குடும்பம், கணவன் மனைவி இரண்டு குழந்தைகள். அன்று இரவு ஒன்பது மணி சுமாருக்குக் கதவு தட்டப்பட்டது. பலமாக அல்ல, விரல் நுனியால். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரல் யாருடையது என்று தெரிந்தது. மனைவி, “திறங்க” என்றார். இவர் தாழ்ப்பாளின்மீது கையை வைத்துக்கொண்டு நின்றார், திறப்பதற்கு அல்ல. உள்ளே தன் இரண்டு குழந்தைகள் இருந்ததை நினைத்ததாக எழுதுகிறார். பிறகு அந்த வாக்கியத்தையே அடித்துவிட்டு, ‘பயந்தேன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தபோது வெளியே யாரும் இல்லை.

அந்தக் குடும்பம் பிழைத்தது. மேல் மாடியில் இருந்த பள்ளி ஆசிரியர் வீட்டில் மூன்று நாள் இருந்தார்கள். அந்த மூன்று நாட்களும் இவருக்குத் தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த குழு பின்னாளில் கணக்குக் கொடுத்தது. சர்தார்ஜி திரும்பி வந்து எப்போதும்போல் வணக்கம் சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. 1985ல் வீட்டை விற்றுவிட்டுப் பஞ்சாப் போய்விட்டார்கள். தான் அன்று வீட்டுக்குள் இருந்தது அவருக்குத் தெரியுமா என்பது தனக்குத் தெரியாது என்று அந்தப் பகுதி முடிகிறது.

படித்து முடித்துவிட்டுத்தான் எனக்கு அந்த ஜனவரி நாள் ஞாபகம் வந்தது. அதுவும் ரொம்ப நல்லா வந்திருக்கு, சார்.

பதினான்கு வருடம் மனைவியைத் தவிர யாருடனும் பகிர முடியாததை ஒரு மனிதர் எழுதி, படிக்கத் தெரிந்த ஒருத்தியிடம் கொடுத்து, படித்தாயா என்று கேட்கிறார். அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, படித்தேன், பிரமாதம் என்கிறாள். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? இவள் எதையும் படிக்கவில்லை என்று புரிந்துகொண்டிருந்தால் நல்லது. படித்துவிட்டும் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தால்? அதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

மகள் போனில் பதிவை நிறுத்தினார். “அப்பா கதவுகிட்ட நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. உள் ரூம்லேர்ந்து பார்த்தேன். எங்களைக் காப்பாத்தறதுக்கு நிக்கறார்னு நினைச்சேன்” என்றார். பிறகு, “இதை உங்ககிட்டே காட்டியிருக்காரா?” என்று கேட்டார். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். “அதான் அப்பா ரொம்ப நாள் சுத்து வழியாப் போய்ப் பால் வாங்கிட்டு வந்தார். ஏன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க.” பெயர் போடாமல் இதை எழுத அனுமதி கொடுத்ததும் அவர்தான்.

முப்பத்தாறு வருடம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிய மனிதர் இதை ஏன் தமிழில் எழுதினார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மகள் படித்திருப்பாள். சொல்லவும் வேண்டும், உடனே தெரியவும் கூடாது. இரண்டுக்கும் அவரிடம் இருந்த ஒரே இடம் தமிழ். அதற்குள் ஓர் ஆளை அழைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஆளிடமிருந்து அவர் எதிர்பார்த்தது நடையைப் பற்றிய அபிப்பிராயம் அல்ல. நான் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒன்றும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். டீயை இன்னொரு தடவை சுட வைத்துக் கொடுத்திருப்பேன். அவர் அதைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். மறுநாள் பூத்துக்கு வந்திருப்பார்.

அழகாகப் பொய் சொல்வதற்கு நாம் இங்கிதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். என் சிவப்பு மை ஒருவரை எழுதவிடாமல் செய்தது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணின் நோட்டை நான் முழுவதும் படித்திருந்தேன், பதினேழு நிலாவையும் எண்ணும் அளவுக்கு. இப்போது நினைத்தால் அது ஒன்றுதான் அதில் மரியாதை. நிலா போதும் என்பதைச் சிவப்பில் எழுதாமல், அவர் தன் மாமியாரின் கைகளைப் பற்றி எழுதியிருந்த நாலு வரியை முதலில் சொல்லியிருக்கலாம். அந்த வரிகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது நோட்டு வருவது குறைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வருகிறது, அப்பளம் வருவதில்லை. யார் அனுப்பினாலும், எனக்கு ஒரு மாதமாவது ஆகும், முழுதும் படிக்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்கிறேன். சிலருக்குப் புத்தகம் போட வேண்டும், அவர்களிடம் பிழையைச் சொல்லலாம், செலவையும் சொல்லலாம். சிலர் பதில் சொல்லத் தயங்குவார்கள். அவர்களுடையதைப் பகலில், தூக்கம் வராத நேரத்தில் படிக்கிறேன். படிக்க முடியாமல் போனால் முடியவில்லை என்றே சொல்லித் திருப்பிக் கொடுக்கிறேன். இதனால் இரண்டு பேருக்கு என்மேல் வருத்தம். ஒருவர் கோயிலில் பார்த்தால் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

போன மாதம் எதிர் பிளாக்கிலிருந்து ஒரு பாட்டி பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பென்சிலில் எழுதியிருக்கிறார், பல இடங்களில் எழுத்து அழிந்திருக்கிறது. சமையல் குறிப்பு என்று பேத்தி சொன்னாள். முதல் இருபது பக்கம் சமையல் குறிப்புதான். இருபத்தொன்றாம் பக்கத்தில் வத்தக்குழம்பின் நடுவே, குழம்புக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வரி வருகிறது. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நான் இப்போது முப்பத்தாறாம் பக்கத்தில் இருக்கிறேன்.